செல்லியம்மாள் வீட்டு ஒரு மாத உப்பு

வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில் மேற்பார்வையாளராக இருந்த ராஜேந்திரனுக்கு ஒரு படிவம் மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ள அரை நிமிடம் போதும். பத்துப் பக்கப் படிவத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய் எதையும் அவர் பார்க்க மாட்டார். நேராக ஆறாம் பக்கத்துக்குப் போய் உப்பைப் பார்ப்பார். பணமுள்ளவன் நெய்யை அள்ளி ஊற்றிக்கொள்ளலாம், இல்லாதவன் பருப்பையே மறந்துவிடலாம். ஆனால் உப்பை மட்டும் யாரும் ஓர் அளவுக்குக் கீழே குறைத்துச் சாப்பிட முடியாது. ஆளுக்கு மாதம் நானூறு கிராமுக்குக் குறைந்தால், எழுதியவன் அந்த ஊர்ப் பக்கமே போகாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்பது அவர் தீர்ப்பு. 1977-ஆம் ஆண்டில் மட்டும் அந்தத் தீர்ப்பால் இரண்டு தற்காலிகப் பணியாளர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை காலை, மூன்றாவது ஆளாக ராஜாக்கண்ணு அவர் மேசைக்கு முன்னால் நின்றான்.

"ஏம்பா, ஊஞ்சமரத்தூருக்கு நெசமாவே மலை ஏறிப் போனியா? இல்ல, அடிவாரத்துல பஸ் திரும்புற எடத்துலயே எல்லாத்தையும் முடிச்சிட்டியா?"

"போனேன் சார். ஆறாந்தேதி. ஒம்பது மைல் நடந்துதான் போனேன்."

"ஏழு பேரு இருக்கிற வூடு. மாசத்துக்கு ஒரு கிலோ உப்பு. தலைக்கு நூத்தி நாப்பத்தி மூணு கிராம். ஆட்டுக்குட்டி கூட இதைவிட அதிகமா நக்கும்பா."

எழுதும்போது ராஜாக்கண்ணுவுக்கே கை நின்றிருந்தது. அந்த வீட்டுக்காரி செல்லியம்மாளிடம் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். சொன்னதை எழுதினான். உப்பு மட்டுமல்ல, அந்தப் பக்கம் முழுவதுமே நம்பும்படியாக இல்லை. முப்பது நாளில் காசு கொடுத்து வாங்கித் தின்றதும் எரித்ததும் இவ்வளவுதான்: கல் உப்பு ஒரு கிலோ, இருபது பைசா, மண்ணெண்ணெய் ஒரு லிட்டர், ஒரு ரூபாய் நாற்பது பைசா, கருவாடு எழுபத்தைந்து பைசா, புகையிலை அறுபது பைசா. ஆக மொத்தம் இரண்டு ரூபாய் தொண்ணூற்றைந்து பைசா. கலசப்பாக்கத்தில் அவன் வீட்டில் அவனும் மனைவி சம்பூர்ணமும் பதினோரு மாதக் குழந்தையும்தான். மளிகைக்கு மட்டும் மாதம் நாற்பத்தெட்டு ரூபாய் ஆகும். இருபதாம் தேதிக்கு மேல் சம்பூர்ணம் டப்பாக்களின் அடியைத் தட்ட ஆரம்பித்துவிடுவாள்.

ராஜேந்திரன் படிவத்தை அவன் பக்கம் தள்ளினார். "ஒரு சான்ஸ் தர்றேன். தராசு எடுத்துக்கினு போ. அதே வூட்ல ஏழு நாளு இரு. வாய்ல சொல்றத எழுதாத, நெறுத்து எழுது. இருபத்தெட்டாந்தேதி நானே மேல வர்றேன். உப்பு சரியா இருந்தா கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா திங்கக்கிழமை நீ ஆபீசுக்கு வர வாணாம்."

மாதம் இருநூற்றுப் பத்து ரூபாய் தொகுப்பூதியம் அந்த உப்பில் தொங்கியது.

அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை பிற்பகல், ராஜாக்கண்ணு மறுபடியும் ஊஞ்சமரத்தூர் போய்ச் சேர்ந்தான். தோளில் ஒரு கைத்தராசு, ஐந்து கிராம் முதல் ஒரு கிலோ வரை எடைக்கற்கள், அரை லிட்டர் அளவுப் பாத்திரம், சம்பூர்ணம் கட்டிக் கொடுத்த மூன்று கிலோ அரிசி. ஏறும் வழியெல்லாம் ஒரே யோசனை: உன்னைப் பொய்க்காரி என்கிறார்கள் என்று சொல்லாமல் இதை எப்படிச் சொல்வது?

வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்த சாந்தம்மாள்தான் முதலில் பார்த்தாள். அவள் செல்லியம்மாளின் ஓரகத்தி. வயது இருபது இருக்கும். "இன்னாங்க கணக்குக்காரரே, மறுபடியும் வந்துட்டீங்க? போன தடவ எழுதினது மழையில கரைஞ்சிடுச்சா?"

செல்லியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். நாற்பது வயதுக்கு ஒட்டிய உடம்பு, குட்டையான உருவம். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தாள்.

"ஆபீசுல கொஞ்சம் வூடுங்கள நெறுத்துப் பாக்கச் சொல்லியிருக்காங்கம்மா. ஒரு ஏழு நாளு…"

"என் மேல சந்தேகமா, உங்க மேல சந்தேகமா?"

அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று. "ரெண்டு பேரு மேலயும்தான்."

"சரியா இல்லன்னா உங்க வேலை போவுமா?"

"போவும்."

"அப்ப நல்லா நெறுத்துக்கோங்க. ஒளிச்சி வெக்கறதுக்கு இங்க இன்னா கீது." சொல்லிவிட்டு அரிசி மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இது இன்னா?"

"அரிசிக்கா. நான் சாப்பிடறதுக்கு. உங்களுக்குச் செலவு வெக்கக் கூடாதுன்னு."

"இதை இங்க அவுக்காதீங்க. அப்படியே பரண் மேல ஏத்துங்க."

"ஏன்க்கா?"

"புள்ளைங்க வாசனை புடிச்சிதுன்னா அப்புறம் சாமை தொண்டையில எறங்காது. ஒரு நாளு நெல்லுச் சோறு போட்டா பத்து நாளு சண்டை. நீங்க போய்டுவீங்க. நான் அரிசிக்கு எங்க போவேன்?"

ஏழு நாளும் அந்த முடிச்சு அவிழவில்லை. திரும்பும்போது அவன் கொண்டுபோன அரிசி மூன்று கிலோவாகவே அவனோடு இறங்கியது.

வீட்டில் ஏழு பேர். செல்லியம்மாள், அவள் கணவன் மாதையன், மூன்று பிள்ளைகள், மாதையனின் தம்பி சடையன், அவன் மனைவி சாந்தம்மாள். ராஜாக்கண்ணு மறுநாள் விடியற்காலையிலிருந்து எடை போட ஆரம்பித்தான். சாமை, கேழ்வரகு, அவரைக்கொட்டை, கொள்ளு, பூசணி, மிளகாய் எல்லாம் அவர்கள் கொல்லையில் விளைந்தவை. எண்ணெய், அவர்களே விதைத்த பேயெள் என்ற எண்ணெய் வித்தை ஆட்டியது. துணிக்கும் தலைக்கும் காட்டிலிருந்து பொறுக்கிய பூந்திக்கொட்டையும் சீயக்காயும். தீப்பெட்டி ஒன்று இருந்தது. ஆடி மாதம் வாங்கியது, இன்னும் இருபத்தாறு குச்சி மிச்சம். அடுப்பில் கடைசிக் கட்டையைச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டுத்தான் செல்லியம்மாள் படுப்பாள். காலையில் ஊதினால் நெருப்பு. அணைந்துவிட்டால் சாந்தம்மாள் கங்கு வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓட்டைச் சட்டியோடு ஓடுவாள். இவை எல்லாவற்றையும் அவன் எழுதினான், எல்லாம் முதல் படிவத்தோடு ஒத்துப்போயின. உப்பும் அப்படியே; அதுதான் சிக்கல்.

உப்புச் சட்டி உறியில் தொங்கியது. 22-ஆம் தேதி காலை உள்ளே இருந்தது 640 கிராம். 25-ஆம் தேதி காலை 540. அவனையும் சேர்த்து எட்டுப் பேர் மூன்று நாளில் தின்றது நூறு கிராம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு கிராம். ராஜேந்திரன் சொல்லும் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தராசில் கோளாறு இருக்குமோ என்று தட்டை மாற்றிப் போட்டு நிறுத்தான். அதே நூறு கிராம்தான்.

ஆனால் அவனைக் கலக்கியது தராசு அல்ல, நாக்கு. பூசணிக்காய்க் குழம்பில் உப்பு இருந்தது. அவரைக்கொட்டையில் இருந்தது. கேழ்வரகுக் களியில்கூட நாக்குக்குத் தெரிகிற அளவுக்கு இருந்தது. சம்பூர்ணத்தின் சமையலில் இருக்கிற உப்பு அப்படியே இங்கேயும் இருந்தது. சட்டியோ குறையவில்லை. கண்ணெதிரே ஏழு பேர் சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிறார்கள். உப்பு எங்கிருந்தோ வந்து விழுகிறது. எங்கிருந்து என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால், ஒளித்து வைத்திருக்கிறாய் என்று சொன்னது போலாகும். அவனுக்குச் சோறு போடுகிற கையிடம் அதை எப்படிக் கேட்பது?

25-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல், மாதையனோடு சாமைக் கொல்லைக்குப் போய்விட்டு ஏறி வந்தவனுக்கு நா வறண்டது. வாசலில் சாந்தம்மாள் உலக்கையோடு நின்றிருந்தாள். உள்ளே அடுப்போரம் துணி கட்டிய பானை ஒன்று, அதன் மேல் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மூங்கில் குவளை. நாலு நாளாகச் செல்லியம்மாள் அதிலிருந்து மொண்டு குழம்பில் ஊற்றுவதை அவன் பார்த்திருக்கிறான். புளித்தண்ணீரோ வெறும் தண்ணீரோ என்று நினைத்திருந்தான். குவளையை முழுக்க மொண்டு ஒரே வாயில் ஊற்றிக்கொண்டான்.

கண் இரண்டும் பிதுங்க வெளியே ஓடி வந்து துப்பினான். சாந்தம்மாள் உலக்கையைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கோவ்! ஓடியா! கணக்குக்காரரு உப்புல வுழுந்துட்டாரு!"

விறகுக் கட்டோடு வந்த செல்லியம்மாள் அவனுக்குக் குடிதண்ணீர் மொண்டு கொடுத்தாள். "குடிக்கிற தண்ணி வெளிய கீது சார். அது சாக்குத் தண்ணி."

"சாக்குத் தண்ணியா?"

"சாக்கு தொவைச்ச தண்ணி. உப்புக் கரிக்கும்."

"இதையாக்கா குழம்புல ஊத்தறீங்க? இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க உப்பு எவ்ளோன்னுதான கேட்டீங்க? உப்பு சட்டியில கீது, காமிச்சேன். இது வாங்கினதும் இல்ல, வெளைஞ்சதும் இல்ல. இதை யாரு கேட்டா?"

ராஜாக்கண்ணு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு நோட்டை எடுத்து, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான்.

விஷயம் இதுதான். கலசப்பாக்கத்தில் மண்டி வைத்திருந்த அருணகிரி புளியும் வாங்குவார், உப்பும் விற்பார். கடற்கரையிலிருந்து லாரியில் வரும் உப்பு மூட்டைகள் காலியானதும், தை மாதத்தில் அந்தச் சணல் சாக்குகளை மலைக்கு அனுப்பிவைப்பார். புளி உலுக்கியதும் அதில் கட்டிக் கொண்டுவர வேண்டியது. வீட்டுக்கு ஐந்தோ ஆறோ சாக்கு வரும். எல்லோரும் அதை இரண்டு உதறு உதறிவிட்டுப் புளியைத் திணிப்பார்கள். உப்பு ஏறிய சணல் பனியைக் குடிக்கும், உள்ளே புளி வியர்க்கும். மண்டியில் கையை விட்டுப் பார்த்து, ஈரம் என்று மூட்டைக்கு ஒரு கிலோ கழித்துவிடுவார்கள். காலம் காலமாக அப்படித்தான் நடந்தது.

"எழுபத்தொண்ணுல ஒரு நாளு எங்க மாடு அந்தச் சாக்கை நக்கிக்கினே கெடந்துச்சு. புல்லு போட்டாலும் திரும்பல. மாட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரிய வாணாமா? ஓடைக்கு எடுத்துக்கினு போய் அலசினேன். தண்ணிய வாயில வெச்சேன். அடச்சீ, இத்தினி வருஷமா இதை ஒதறி ஒதறிக் கீழ கொட்டிக்கினு இருந்தோமேன்னு ஆச்சு."

அந்த வருடம் தன் ஆறு சாக்கைத் துவைத்தாள். அடுத்த வருடம், உங்கள் சாக்கையும் கொடுங்கள், துவைத்துத் தருகிறேன் என்று வீடு வீடாகக் கேட்டாள். கூலி வேண்டாம், தண்ணீர் மட்டும் என்னுடையது. ஊர் சிரித்தது. ஊர்க்காரி மங்கம்மாள் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "சாக்கு தொவைக்கிறவளே, என் புருசன் கோவணமும் கீது, எடுத்துக்கினு போறியா?" என்று கேட்பாளாம். செல்லியம்மாள் அதற்கும் பதில் சொன்னாளாம்: "அதுல உப்பு இருந்தா குடு."

ராஜாக்கண்ணுவை வியக்க வைத்தது அவள் துவைத்த விதம். ஓடையோரப் பாறையில் பத்துப் பன்னிரண்டு குழி உண்டு. ஒரு குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, அதில் முதல் சாக்கை அலசுவாள். தண்ணீரைக் கொட்ட மாட்டாள். அதே தண்ணீரில் இரண்டாவது சாக்கு, மூன்றாவது சாக்கு. இருபது சாக்கு அலசியதும் தண்ணீர் நாக்கில் சுரீர் என்று இழுக்கும். அதன் பிறகுதான் சாக்குகளை ஓடும் தண்ணீரில் இன்னொரு முறை அலசிக் காயப்போடுவாள். குழித் தண்ணீரை மாசி வெயிலில் எட்டு ஒன்பது நாள் அப்படியே விட்டுவிடுவாள். குழியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்ததும் மணலிலும் மூன்று மடிப்புத் துணியிலும் வடிகட்டிப் பானையில் ஊற்றுவாள். பதம் பார்க்க ஒரு கோழிமுட்டை. முட்டை நிமிர்ந்து மிதந்தால் இன்னும் வெயில் வேண்டும். படுத்து மிதந்தால் போதும். ஒரு குச்சி விறகு எரிவதில்லை.

"அதைக் காய வெச்சு உப்பாவே எடுத்துடலாமேக்கா?"

"எடுத்தா? ஐப்பசி வந்தா இந்த மலையில கல் உப்பு தானா கசிஞ்சி ஓடிடும். சட்டியில பாதி ஈரம். தண்ணியாவே இருந்தா எங்கிருந்து கசியும்?"

ராஜாக்கண்ணு அன்று சாயங்காலம் பரண் மேல் ஏறிப் பார்த்தான். மொத்தம் எட்டுப் பானை. ஐந்து காலி, மூன்று நிறைந்திருந்தன. ஒவ்வொன்றும் பதினைந்து லிட்டர் பிடிக்கும். மூங்கில் குவளையை அளந்தான்: அரை லிட்டருக்கு ஒன்பது குவளை. அவள் ஒரு நாளைக்கு ஏழு குவளை எடுத்தாள்.

"ஏழுன்னு எழுதாதீங்க. ஆறுதான்," என்றாள் செல்லியம்மாள். "நீங்க வந்ததுல இருந்துதான் ஏழு. ஒண்ணு உங்களுது. அதை உங்க வூட்டுக் கணக்குல சேத்துக்கோங்க."

விருந்தாளியின் சாப்பாட்டைக் கழிக்க வேண்டும் என்பது கணக்கெடுப்பு விதிகளில் நாலாவது. அதை அவனுக்குப் பயிற்சியில் மூன்று நாள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஆறு குவளை என்றால் 333 மில்லி. ஆனால் அதற்குள் எவ்வளவு உப்பு என்பதுதான் கேள்வி. ராஜாக்கண்ணு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அரை லிட்டர் சாக்குத் தண்ணீரை வற்றக் காய்ச்சினால் தொண்ணூறு கிராமுக்கு மேல் உப்பு கிடைக்க வேண்டும். கிடைத்தால் ஆளுக்கு நானூறு கிராம் தாண்டும், வேலை நிற்கும். குறைந்தால் போயிற்று. உடனே காய்ச்சிப் பார்த்துவிடக் கை துடித்தது. ஆனால் அவன் தனியாகக் காய்ச்சியதை ராஜேந்திரன் நம்ப மாட்டார். காத்திருந்தான்.

28-ஆம் தேதி பகல் பதினொன்றே காலுக்கு ராஜேந்திரன் வந்து சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, முழங்கால் வரை சேறு. மூச்சு வாங்கியபடி மாதையன் போட்ட கட்டிலில் உட்கார்ந்தார். ராஜாக்கண்ணு நோட்டைக் கொடுத்தான். படித்தார்.

"சாக்கு தொவைச்ச தண்ணி," என்றார். "நல்லா கீதுப்பா கதை. ஒம்பது மைலு ஏறி வந்ததுக்கு இதாவது கெடைச்சிதே."

"காய்ச்சிக் காட்டறேன் சார். உங்க கண்ணெதிர்ல."

ராஜேந்திரனே பானையிலிருந்து மொண்டார், அவரே அரை லிட்டர் அளந்தார். ராஜாக்கண்ணு சாப்பிடக் கொண்டுவந்திருந்த அலுமினியப் பாத்திரம் வெறுமையாக 210 கிராம். அதையும் அவரே நிறுத்துப் பார்த்தார். செல்லியம்மாளுக்கு ஒரே குறைதான். "இதுக்குப் போய் வெறகு செலவு பண்றாங்களே." அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொதித்தது, குறைந்தது, கூழானது, பட்பட் என்று தெறித்தது. கடைசியில் அடியில் பழுப்பு கலந்த வெள்ளையாக ஒட்டி நின்றது. பாத்திரம் ஆறும் வரை ராஜாக்கண்ணு எடைக்கற்களை வரிசையாக எடுத்து வைத்தான்.

தராசை ராஜேந்திரன் பிடித்தார். கற்களை ஒவ்வொன்றாக வைத்தார். 300 வைத்தபோது தட்டு அசையவே இல்லை. 350 வைத்தார்; லேசாக ஆடியது. இன்னொரு பத்து வைத்ததும் முள் நேராக நின்றது.

360. பாத்திரத்தைக் கழித்தால் 150 கிராம்.

ராஜேந்திரன் நோட்டை வாங்கி அவரே கணக்குப் போட்டார். நாளுக்கு நூறு கிராம். முப்பது நாளுக்கு மூன்று கிலோ. சட்டி உப்பு ஒரு கிலோ சேர்த்தால் நாலு. ஏழு பேருக்கு வகுத்தால் தலைக்கு 571 கிராம். அடிவாரத்துக் கிராமங்களில் அவர் பார்த்த எந்த வீட்டுக்கும் குறையாத உப்பு. வருடத்துக்கு முப்பத்தாறரைக் கிலோ. போன மாசியில் அவள் துவைத்தது நாற்பத்து மூன்று வீட்டுச் சாக்கு, மொத்தம் 247. சாக்குக்கு 148 கிராம் வந்தது. அந்த நூற்று நாற்பத்தெட்டு கிராமைத்தான் இந்த மலை வருடா வருடம் உதறிக் கீழே கொட்டியிருந்தது.

ராஜேந்திரன் தோற்ற முகத்தோடு உட்கார விரும்பவில்லை. "சரிம்மா, ஒத்துக்கறேன். முப்பத்தாறரைக் கிலோ. கிலோ இருபது பைசான்னா ஏழு ரூவா முப்பது காசு. ஏழு ரூவாவுக்கு எரநூத்தி நாப்பத்தேழு சாக்கு தொவைக்கிறியே, முதுகு வலிக்கலியா?"

செல்லியம்மாள் சிரித்தாள். "ஏழு ரூவான்னு யாரு சொன்னா? சார், மொளகா வூட்ல கீது, எண்ண வூட்ல கீது, தானியம் கீது. எங்களக் கீழ எறக்கறது எது? உப்பு ஒண்ணுதான். அது தீந்தா எறங்கித்தான் ஆவணும். எறங்கினா உப்போட மட்டும் யாரு ஏறி வர்றா? வெல்லம் வாசனை அடிக்கும். கருவாடு புதுசா வந்திருக்கும். இவரு பீடிக் கட்டு வாங்குவாரு. வளையல்காரன் கூப்புடுவான். பசிக்குது, ரெண்டு இட்லி. ஒரு தடவ எறங்கினா ஒம்பது ரூவா போவும், சார். மாசா மாசம் எறங்கினோம். இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவ. பங்குனியில புளியோட ஒண்ணு, ஆடியில ஒண்ணு. சட்டி உப்பும் மண்ணெண்ணெயும் அப்பவே சேத்து வாங்கிடுவோம். பத்துத் தடவ எறங்கறதில்ல."

ராஜாக்கண்ணு எழுதுவதை நிறுத்திவிட்டான். வருடத்துக்குத் தொண்ணூறு ரூபாய். கடையில் குறைத்து வாங்குவது பற்றி, பேரம் பேசுவது பற்றி, மொத்தமாக வாங்குவது பற்றி அவனும் சம்பூர்ணமும் எத்தனை நாள் பேசியிருப்பார்கள்! கடைக்கு நம்மை இழுக்கும் ஒரே கயிறு எது என்று பார்த்து அதை மட்டும் அறுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. எழுத்துத் தெரியாத இந்தக் குட்டையான பெண்ணுக்கு ஒரு மாடு நக்கியதைப் பார்த்ததும் தோன்றிவிட்டது.

"அந்தத் தொண்ணூறு ரூவா எங்கம்மா?" என்றார் ராஜேந்திரன். அவர் குரல் இறங்கியிருந்தது.

செல்லியம்மாள் சாந்தம்மாளைப் பார்த்தாள். சாந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "என்னக் கட்டிக்கினு வர எங்கப்பனுக்குப் பரியம் முன்னூத்தியோரு ரூவா கட்டினாங்க சார். அதுக்கு மேல ஒரு பொடவை. நாலு வருஷம் கீழ எறங்காத பணம். என்ன உப்புப் போட்டுத்தான் வாங்கினு வந்தாங்க."

"அதான் வாய் இவ்ளோ காரமா கீது," என்றான் சடையன்.

"உப்புக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்குத்தான் கட்டி வெச்சாங்க," என்றாள் அவள்.

ராஜேந்திரனும் சிரித்துவிட்டார். படிவத்தை முழங்கால் மேல் விரித்து, பேனாவைத் திறந்தார். அளவுப் பத்தியில் நாலு கிலோ என்று திருத்தினார். விலைப் பத்திக்கு வந்ததும், "வாங்காம கெடைச்ச பொருளுக்கு உள்ளூர் விலை போட்டு எழுதணும்," என்றார் ராஜாக்கண்ணுவிடம். "மூணு கிலோவுக்கு அறுபது பைசா சேர்த்துடு. முடிஞ்சிது."

"அது இன்னா அறுபது பைசா?" என்றாள் செல்லியம்மாள்.

"சாக்குத் தண்ணிக்கு விலைம்மா. எழுதறதுக்குத்தான். உங்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் குடுக்காத காச எதுக்கு எழுதறீங்க?"

"விதிம்மா."

"வாணாம் சார். எழுதாதீங்க."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் எழுந்து நின்றுவிட்டாள். அந்த மூன்று கிலோவுக்கு விலை இல்லாவிட்டால் படிவம் மேலிடத்தில் நிற்காது, திரும்பி வரும். திரும்பி வந்தால் போகிறது மறுபடியும் ராஜாக்கண்ணுவின் தலைதான். "அக்கா, இதுல ஒண்ணும் இல்லக்கா, வெறும் தாளு," என்றான்.

"தாளுதான் தம்பி. ஆனா அதுல அறுபது பைசான்னு எழுதிட்டீங்கன்னா, இந்தத் தண்ணிக்கு வெல இருக்குதுன்னு ஆயிடும். சாக்கு என்னுது இல்ல. நாப்பத்து மூணு வூட்டுச் சாக்கு. நாளைக்கு மங்கம்மா வந்து, என் சாக்குத் தண்ணிக்குக் காசு எங்கன்னு கேப்பா. அவ கேட்டா எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் யாரும் எங்கிட்ட சாக்கு குடுக்க மாட்டாங்க. இதுக்கு வெல இல்லாத வரைக்கும்தான் சார் இது என்னுது."

ராஜேந்திரன் பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருட வேலையில் எவ்வளவோ வீடுகளில் அவர் விலை கேட்டிருக்கிறார். விலை என்றால் என்ன என்று யாரும் அவருக்கு இப்படிச் சொன்னதில்லை.

மாதையன் மெல்ல, "அவ சொன்னா மாறாது சார்," என்றான்.

"தெரியுதுப்பா," என்றார் ராஜேந்திரன்.

விலைப் பத்தியில் அந்த மூன்று கிலோவுக்கு நேராக அவர் தம் கையால் 0.00 என்று எழுதினார். படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, அங்கே பதினேழு வரி எழுதினார். மண்டி, சாக்கு, ஓடை, பாறைக் குழி, 150 கிராம். அடியில் கையெழுத்து, தேதி, இடம். ராஜாக்கண்ணு எட்டிப் பார்த்தான். வழக்கமாக அந்த இடத்தில் எழுதியவர் என்று தற்காலிகப் பணியாளரின் பெயர்தான் இருக்கும், மேற்பார்வையாளர் கீழே சுருக்கொப்பம் மட்டும் போடுவார். இங்கே ராஜேந்திரன் தம் முழுப் பெயரையும் எழுதியிருந்தார்.

"சார், மேல கேப்பாங்களே?"

"கேப்பாங்க. எங்கிட்ட கேக்கட்டும்."

கேட்டார்கள். 1978 ஜனவரி 9, திங்கட்கிழமை, மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. இரண்டே கேள்வி: அளவு சரிதானா? விலை ஏன் இல்லை? ராஜாக்கண்ணுவின் பணி நீட்டிப்பு உத்தரவு அந்தத் தாளுக்கு எழுதும் பதிலுக்காகக் காத்திருந்தது. ராஜேந்திரன் அன்றே பதில் எழுதினார். அளவு தம் முன்னிலையில் நிறுக்கப்பட்டது, சரி. விலை கொடுக்கப்படவில்லை, ஆகவே எழுதப்படவில்லை. அந்தக் குடும்பம் வேறு நாற்பத்து மூன்று வீடுகளின் சாக்குகளை இலவசமாகத் துவைத்துத் தருகிறது. இதில் ஐயம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாம்; ஏற்றம் ஒன்பது மைல்.

உறையில் போடும் முன் தாளை ராஜாக்கண்ணுவிடம் நீட்டினார். அவர் எழுதியதை அவர் இதுவரை யாரிடமும் சரிபார்க்கக் கொடுத்ததில்லை.

"சரியா கீதா பாருப்பா."

ராஜாக்கண்ணு இரண்டு தடவை படித்தான். பிறகு பேனாவை எடுத்து, "வேறு நாற்பத்து மூன்று" என்பதை "வேறு நாற்பத்திரண்டு" என்று திருத்தினான்.

"அந்த நாற்பத்து மூணுல ஒண்ணு அவங்க வூடு சார்."